சிவப்புச் சேலைக்காரிக்கு விழுந்த அடி

தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் யார் வீட்டில் யார் அழுதாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காத ஊர் சாயமேடு, கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துகொள்ளத் தறிச் சத்தம் தோதாக இருக்கும், அப்படிப்பட்ட ஊரில், ஆடிக்காற்று புழுதியை அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலையில், எல்லாருடைய போனிலிருந்தும் விளம்பரத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

அதற்கு முன்னால் அவர்கள் படமாகத்தான் இருந்தார்கள். மணி பார்க்கப் பொத்தானை அழுத்தினால் பூட்டுக்கு முன்னாலேயே ஒரு படம் வந்து நிற்கும், யாரும் கூப்பிடாமல் வரும், ஒரு நாள் பற்பசைக்காரன், ஒரு நாள் குக்கர்க்காரி, ஒரு நாள் கோட்டு போட்ட ஆள் ஒருத்தன் ஒரு பெரிய வீட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. விரலை வைத்துப் பூட்டைத் திறந்தால் போய்விடும். அன்றைக்குப் பொத்தானை அழுத்தினவர்கள் வீட்டு வாசற்படியில் படம் ஆளாக நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். பூட்டைத் திறந்தால் ஊதி அணைத்த விளக்கு மாதிரி ஆள் மறைந்துவிடும், திறக்காவிட்டால் அங்கேயே நின்று தன் பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர் உள்ளே போக வேண்டுமானாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் நாள் சிலர் பயந்தார்கள். இரண்டாம் நாள் டீ கொடுத்துப் பார்த்தார்கள், குடிக்கவில்லை. பிறகு பாவு பிணைக்க ஒரு கை குறைகிறதே என்று ஒருத்தர் தன் வீட்டுக் குக்கர்க்காரியைத் தறிப்பட்டறைக்குக் கூட்டிப் போனார், அவள் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று விசிலில் பருப்பு வெந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நின்றாள், ஒரு இழையைக்கூடப் பிணைக்கவில்லை. சரி, இதுகள் வேலைக்கு ஆகாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டு, வாசலில் படுத்திருக்கிற நாயைத் தாண்டிப் போவதைப் போல அவர்களைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டது.

பழகாமல் போனது சுகந்தி வீட்டில் மட்டும்தான், ஏனென்றால் வீட்டுக்கு வந்தவளை அவளால் அனுப்பவே முடியவில்லை.

அதற்குக் காரணம் சுகந்தியின் போனில் சுகந்தியின் விரல் இல்லாததுதான். அவளுக்குப் போன் வாங்கின அன்றைக்கே அவள் புருசன் பூபதி அதில் தன் வலது கட்டைவிரலைப் பதிந்து வைத்துக்கொண்டான், அவள் விரலை வைக்கவிடவில்லை, ரகசிய எண்ணையும் சொல்லவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுத்துப் பேசலாம், அவளாக யாரையும் கூப்பிட முடியாது. பூபதி பகல் ஷிப்டு தறி ஓட்டுகிறவன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தரம், பொழுது சாய வரும்போது ஒரு தரம் போனைத் திறந்து யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று பார்ப்பான். ஒரே வரிசையாகக் கட்டின லைன்வீட்டு ஆம்பளைகள் டீக்கடையில் இதைச் சொல்லி, பூபதி விவரமானவன் என்பார்கள். நாளாக ஆக, போனில் விரல் வைத்ததை அவனே மறந்துபோனான், நாம் கதவில் நாதாங்கி போடுவதை மறந்துபோகிற மாதிரி, கை தானாகப் போய் வைத்துவிட்டு வந்துவிடும்.

ஆக, காலையில் அம்மா கூப்பிட்டுப் போன் வெளிச்சமானால், சுகந்தி பேசி முடித்து வைக்கும்போது வாசற்படியில் சிவப்புப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ, புதுப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. பூபதி நெட்டுக்குப் பணம் கட்டாததால் சுகந்தியின் போனில் வேறு படமே வரவில்லை, எப்போதும் அவள்தான். சிரிப்பை மூடவே மாட்டாள். அவளுக்குத் தெரிந்தது மூன்று பேச்சு.

"உங்கள் மகிழ்ச்சிக்காக" என்பாள். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்பாள். "இன்றே வாருங்கள்" என்பாள்.

சுகந்தி யாரிடமும் அதிகம் பேசாதவள். கடையில் அரைக்கிலோ வெங்காயம் கேட்கக்கூட முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் போகட்டும் என்று ஓரமாக நிற்பாள். பள்ளிக்கூடம் கொஞ்ச காலம் போனாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அதையும் உதட்டை அசைக்காமல் படிப்பாள். அப்படிப்பட்டவள் இந்தச் சேலைக்காரியிடம் பேச ஆரம்பித்தாள். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பேசுவாள், துணி அலசிக்கொண்டே பேசுவாள். நேற்று ரசத்தில் உப்புக் கூடிப்போச்சு, சட்டியோடு தூக்கி என் மேல் ஊற்றினார் என்று சொன்னால், உங்கள் மகிழ்ச்சிக்காக என்று அவள் சொல்வாள். சுகந்திக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு சிரிப்பு வந்தது, அந்த வீட்டில் அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பிள்ளை மிதுனா தவழ்ந்துபோய்ச் சேலைக்காரியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினாள், சேலைக்காரியின் கால் கண்ணாடி மாதிரி சில்லென்று இருக்கும், பகல் வெயிலுக்கு அது பிள்ளைக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் பூபதி வந்து விரல் வைப்பான், அவள் அணைந்துபோவாள், அவன் சோறு தின்றுவிட்டுப் போன பிறகு மணி பார்க்கிற சாக்கில் சுகந்தி பொத்தானை அழுத்தி அவளைத் திரும்ப வரவழைத்துக்கொள்வாள்.

முதல் ரத்தம் மேஸ்திரி ராக்கியண்ணன் வீட்டில் விழுந்தது. அவசரமாக மில்லுக்குக் கிளம்பினவரை வாசலில் பற்பசைக்காரன் மறித்துக்கொண்டு ஈறு பலமாக இருக்கிறதா என்று கேட்டான். பூட்டைத் திறந்திருந்தால் போயிருப்பான். ராக்கியண்ணனுக்கு அன்றைக்கு யார் மேலேயோ கோபம், தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை உதைக்கிற கட்டை கைக்கு அகப்பட்டது, ஓங்கி அவன் வாயிலேயே விட்டார். பற்பசைக்காரன் சிரித்தபடி நின்றான். ராக்கியண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், கையை எடுத்தபோது முன்பல் உள்ளங்கையில் இருந்தது.

அடித்தவனுக்கே திரும்பும் போல என்று ஊர் நினைத்தது. அடுத்த வாரம் எதிர்வீட்டுச் சரசக்கா, தன் மருமகள் போனிலிருந்து இறங்கின ஷாம்பு விளம்பரத்துப் பெண்ணைச் செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தாள், சரசக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த மருமகள் வசந்தா கன்னத்தில் செருப்பின் அச்சோடு கீழே விழுந்தாள். ஓ, போன் யாருடையதோ அவர் மேல் விழும் என்று ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும் ஊரே மாறிப்போனது.

அதுவரைக்கும் மனசுக்குள் வைத்திருந்ததை எல்லாம் ஆட்கள் எடுத்து வெளியே வைத்தார்கள். பங்காளி போனைப் பங்காளி திருடி, வரப்பில் வைத்துப் பொத்தானை அழுத்தி, இறங்கின கோட்டுக்காரனை மண்வெட்டிக் காம்பால் சாத்தினான், அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த பங்காளியின் முதுகு தண்ணீருக்குள்ளேயே பிளந்தது. பட்டறை முதலாளி மேஜை மேல் போனை மறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார், திரும்பி வருவதற்குள் தறிக்காரர்கள் வரிசையாக வந்து அதிலிருந்து இறங்கின இன்சூரன்ஸ்காரனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆளுக்கொரு உதை விட்டுப் போனார்கள், அவர் ஓட்டலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உருண்டார், பரிமாறுகிறவன் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தான். ஆடி நோம்பி அன்றைக்குக் கோயில் வாசலில் இரண்டு தெருக்காரர்கள் மோதிக்கொண்டபோது யாரும் யாரையும் தொடவில்லை, எதிராளி சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கத்தான் பார்த்தார்கள், பிடுங்கினவன் அழுத்தினான், அழுத்தினவன் அடித்தான், கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அண்டாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், கிடாவெட்டின ரத்தமும் ஆட்களின் ரத்தமும் ஒரே சாக்கடையில் போனது. போலீஸ் வந்து யாரை யார் அடித்தது என்று கேட்டது. விளம்பரத்தைத்தான் அடித்தோம் என்று ஊர் சொன்னது. அதற்கு எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அவர்கள் கூழ் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊர் அதற்கும் தகுந்த மாதிரி நடந்துகொள்ளப் படித்துக்கொண்டது. போனை அரிசிக் குண்டானுக்குள் புதைத்து வைத்தார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பித்தளைத் தவலை வைத்து, வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று ஆனது. பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு அவன் போன் பத்திரமாக இருக்குமா என்றும் கேட்டார்கள்.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்துப் போன் கடையில் வேலை பார்க்கிற பர்வீன், இதை நிறுத்திவிடலாமே என்று சொன்னாள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. போனைத் திறந்து செட்டிங்ஸுக்குள் போய், லாக் ஸ்கிரீன் என்று இருப்பதைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனால் தினம் ஒரு படம் என்று ஒன்று பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், அதைத் தொட்டால் சாம்பல் நிறமாகிவிடும், அதோடு சரி. பொத்தானை அழுத்தினால் மணி மட்டும் தெரியும், ஒருத்தரும் இறங்க மாட்டார்கள்.

மறுநாள் கடை முன்னால் கூட்டம் ரோட்டைத் தாண்டி நின்றது. எல்லாம் ஆம்பளைகள். ராக்கியண்ணன் பொக்கை வாயோடு முதல் ஆளாகப் படத்தை நிறுத்திக்கொண்டார். முதலாளி காரில் வந்து நிறுத்திக்கொண்டார். அந்த வாரத்திலேயே சாயமேட்டு ஆம்பளைகள் போன் எல்லாம் வெறும் மணி காட்டியது, சண்டைகள் ஓய்ந்தன, ஊர் அடங்கிவிட்டது என்று வெளியூர் ஆட்கள் நினைத்தார்கள்.

பொம்பளைகள் கடைக்கு வந்தபோது பாதி பேரைப் பின்னாலேயே வந்து புருசன்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் போனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்குது, இருந்துட்டுப் போகட்டும் என்று சொன்னார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. கை வைத்தால் விரல் பதிகிறது, மாமனார் மச்சினன் வந்து கேட்கிறான், மகளிர் காவல் நிலையம் என்கிறான். இதில் அந்தத் தொல்லை இல்லை. பொண்டாட்டியை அடுப்படியில் விட்டுவிட்டு, அவள் போனை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய், இறங்குகிற பெண்ணை ஆற அமர அடிக்கலாம், சத்தியம் கேட்டால் கற்பூரத்தை அணைத்து அவளை நான் தொடவே இல்லை என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. அந்த ஆவணி மாதம் சாயமேட்டுப் பெண்கள் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மடங்கி விழுந்தார்கள், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது ஒருத்தியின் உதடு கிழியும், பின்னால் நிற்கிறவள் குடத்தை வாங்கிக்கொள்வாள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வசந்தாவின் இடது கை ஒரு நாள் ரோட்டில் நடந்துபோகும்போதே ஒடிந்தது. சரசக்கா, தான் செருப்பால் அடித்த அதே மருமகளை ஆஸ்பத்திரிக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போய், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எழுதவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

பூபதி அதுவரைக்கும் கையால் அடிக்கிறவன்தான். ஆனால் சுகந்தியின் தாய்மாமன் ஒருமுறை வந்து, அவள் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, நேராகக் காவல் நிலையம் கூட்டிப் போய், இனி அடிக்க மாட்டேன் என்று அவனை எழுதிக் கையெழுத்துப் போடவைத்திருந்தார். இன்னொரு தடம் பார்த்தால் உள்ளே வைப்போம் என்று அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் தடம் தெரியாத இடமாகப் பார்த்து, தலைமுடியைப் பிடித்து முறுக்குவதோடு நிறுத்திக்கொண்டிருந்தான், மிச்சம் எல்லாம் உள்ளேயே தங்கி நாளுக்கு நாள் ஊறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஆம்பளைகள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்ட விஷயம் அவன் காதுக்கும் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்ற சிவப்புச் சேலைக்காரியை, புதிதாக வாங்கின மாட்டைச் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு சுகந்தியைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் அவன் மில்லுக்குப் போனதும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை முந்தானையில் முடிந்துகொண்டு பர்வீனிடம் போனாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் போகிற வரைக்கும் ஓரமாக நின்றாள்.

"சொல்லுங்கக்கா" என்று பர்வீனே கூப்பிட்டாள்.

சுகந்தி போனை நீட்டினாள். இதை நிறுத்தணும் என்று சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"விரலை வையுங்கக்கா."

"எம்பட வெரலு இல்லீங்க. அவரு வெரலுதான் இருக்குது."

பர்வீன் போனைக் கீழே வைத்தாள். சுகந்தியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள், கடைக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்றும் பார்த்தாள்.

"உங்க விரலே இதுல இல்லையா?"

"இல்லீங்க."

"அக்கா, ஊர்ல எல்லாரும் போன் யாருதோ அவங்க மேல அடி விழும்ன்னு சொல்றாங்க. அது அப்படி இல்ல. போன் யாருதுன்னு போனுக்குத் தெரியாது. விரல் யாருதுன்னுதான் தெரியும்."

மிதுனா கண்ணாடிப் பெட்டியில் இருந்த கலர் கலர் கவர்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் விரல் இல்லாமல் தன்னால் நிறுத்த முடியாது, விரல் இருந்தால் போதும், இந்தப் போன் எண்ணைக் கேட்காது என்று பர்வீன் சொன்னாள். ஆனால் கடைப் போனை எடுத்து, எங்கே தொட வேண்டும், எங்கே தள்ள வேண்டும், புது விரலை எப்படிப் பதிய வேண்டும், பழைய விரலை எப்படி அழிக்க வேண்டும் என்று சுகந்திக்குச் செய்து காட்டினாள், சுகந்தியும் செய்து பார்த்தாள். எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க நேரம் ஆனது, அதனால் எழுத்தை விட்டுவிட்டு, கோலத்தில் புள்ளி வைக்கிற இடம் கைக்குத் தெரிகிற மாதிரி, இடங்களைக் கையில் ஏற்றிக்கொண்டாள்.

அவன் தூங்கும்போது விரலைப் போனில் வைத்துவிடலாமா என்று அன்றைக்கு நினைத்தாள். பூபதியின் கை தூக்கத்திலும் மூடித்தான் இருக்கும். அந்தக் கையைப் பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

விரல் விசயத்தை அவனிடமே சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். என்ன இருந்தாலும் பிள்ளைக்கு அப்பன். சாயங்காலம் அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது, ஏனுங்க, அந்தப் போனுல ஒரு விசயம் என்று ஆரம்பித்தாள். போன் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் எழுந்துவந்து அவள் கூந்தலைக் கையில் சுற்றி, தலை பின்னால் வளைந்து மேற்கூரை ஓட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாத அளவுக்கு இழுத்துப் பிடித்து, போனைப் பத்தி உனக்கு என்னடி பேச்சு என்று காதோடு கேட்டான். ஒன்னுமில்லீங்க என்றாள். கோழிக்குழம்பு வைக்கச் சொன்னான். வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தான், கையில் நாடா உதைக்கிற கட்டை இருந்தது. தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அலமாரியிலிருந்து போனை எடுத்து, பூட்டுத் திறந்துவிடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பொத்தானை மட்டும் அழுத்தினான். சிவப்புச் சேலைக்காரி சாத்தின கதவுக்கு முன்னால் இறங்கி நின்றாள்.

"உங்கள் மகிழ்ச்சிக்காக" என்றாள்.

"ஆமா, எனக்காகத்தான்" என்றான் பூபதி.

சுகந்தியை அடுப்புப் பக்கம் நிற்கச் சொன்னான். உன் மாமனைக் கூட்டிட்டு வா, உன் அம்மாளைக் கூட்டிட்டு வா, எங்க தடம் இருக்குதுன்னு பார்க்கச் சொல்லு என்றான். பிள்ளையைத் தூக்கி முகத்தைத் தோளில் அமுக்கிக்கொண்டு அவள் நின்றாள். அவன் கட்டையை வீசி சேலைக்காரியின் முழங்காலில் அடித்தான். அடித்த அதே நொடியில் அவன் கண் சேலைக்காரி மேல் இல்லை, சுகந்தியின் முழங்காலில் இருந்தது, அது மடங்குகிற அழகைப் பார்க்க. அது மடங்கவில்லை. மடங்கினது அவனுடையது. கட்டை திரும்பி வந்து தன்மேல் பட்டுவிட்டது என்று அவன் நினைத்தான். சுவரைப் பிடித்து எழுந்து இன்னும் ஓங்கிச் சேலைக்காரியின் தோளில் விட்டான், தன் தோள்பட்டைக்குள் எதுவோ முறிகிற சத்தம் கேட்டது, ஆனாலும் அவன் சுகந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்றாள் சேலைக்காரி.

"ஏனுங்க, நிறுத்துங்க" என்றாள் சுகந்தி. பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக அவள் பேசினதில்லை, தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி சொன்னாள். "அது உங்க மேலதான் விழுது. அதுல உங்க வெரலுதான் இருக்குது."

அவனுக்குக் காதில் விழுந்தது. விழுந்ததை நம்பியிருந்தால் தப்பியிருப்பான். ஆனால் வலித்தால் இன்னும் ஓங்கி அடிக்கிற கை அது, வேறு எதுவும் அதற்குத் தெரியாது, தவிர அவனுக்குப் பாடம் சொல்கிறவள் சுகந்தி, அது கட்டையைவிட அதிகமாகப் பட்டது. நீ எனக்குச் சொல்லித் தர்றியாடி என்று கேட்டுக்கொண்டே சேலைக்காரியின் விலாவில் அடித்தான், தன் விலாவைப் பிடித்துக்கொண்டு வளைந்தான், வளைந்தபடியே இடுப்பில் அடித்தான், அடித்த கையை மாற்றிக்கொண்டு, முறிந்த தோளை அப்படியே தொங்கவிட்டு, அடுத்த கையால் அடித்தான், அவன் சட்டையில் ஒரு இடம் சிவந்து இன்னொரு இடம் சிவந்து எல்லா இடமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது, சேலைக்காரியின் பட்டில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

அப்போது கரண்டு போனது.

தெருவில் எல்லாத் தறியும் ஒரே இழுப்பில் நின்றது. அந்த அமைதியில் பூபதி கத்தினது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. தார் சுற்றின பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து லைன்வீட்டு முனையில் நின்றார்கள். பூபதி ஆரம்பிச்சுட்டான் போல என்று ஒருத்தன் சொன்னான். குரல் ஆம்பளைக் குரலாட்டம் இருக்குதே என்று இன்னொருத்தன் சொன்னான்.

"ராக்கியண்ணா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டது குரல். "அண்ணா, வாங்கண்ணா."

ராக்கியண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டினார், ஒரு எட்டு முன்னால் வைத்தார். பிறகு பொக்கை வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். புருசன் பொண்டாட்டி விவகாரம், நாம உள்ள போறது நல்லா இருக்காது என்றார். சாயமேட்டில் யார் வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போயிருந்தது. மற்றவர்களும் ஆமா என்றார்கள். ஒடிந்த கையை மாவுக்கட்டோடு மடியில் வைத்துக்கொண்டு வசந்தா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சரசக்கா எழுந்து போகப் பார்த்தாள், வசந்தா அவள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கடைசி அடியை அவன் அந்தச் சிரிப்பின் மேல் அடித்தான். முட்டிபோட்டுக்கொண்டு, கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைப் பார்த்து. அதோடு அவன் கத்தவில்லை. பக்கவாட்டில் சரிந்தான், கட்டை உருண்டு அம்மிக்கல்லில் முட்டி நின்றது. மூச்சு மட்டும் நுரைத்து நுரைத்து வந்துகொண்டிருந்தது. மூடியே இருக்கிற அவன் கை முதல் தடவையாக விரிந்து கிடந்தது.

சுகந்தி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். கட்டைவிரலைத் தூக்கி வைத்தாள், விரல் பொருந்தவில்லை என்று போன் நடுங்கிச் சொன்னது. ரத்தம். முந்தானையால் துடைத்தாள், துடைத்தும் பிசுபிசுத்தது, எச்சில் தொட்டு, பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி திரும்பத் துடைத்தாள். வைப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். திறந்தால் இவள் போய்விடுவாள், நிறுத்திவிட்டால் இனி வரவும் மாட்டாள். இந்த வீட்டில் தன் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டது இவள் ஒருத்திதான்.

"இன்றே வாருங்கள்" என்றாள் சிவப்புச் சேலைக்காரி.

வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இல்லை, போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். சுகந்தி, போயிட்டு என்று சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. விரலை வைத்தாள். கதவுக்கு முன்னால் இருந்த இடம் காலியானது, புதுப் பிளாஸ்டிக் வாசனை கொஞ்ச நேரம் நின்று அதுவும் போனது.

செட்டிங்ஸ். லாக் ஸ்கிரீன். கீழே, கீழே, இன்னும் கீழே. பச்சையாக எரிந்ததைத் தொட்டாள், சாம்பலானது. பிறகு தன் விரலை வைத்தாள், எடு என்றது எடுத்தாள், வை என்றது வைத்தாள், அலுக்காமல் வைத்து எடுத்தாள். பழைய விரலை அழிக்கவா என்று கேட்டது. அதை மட்டும் எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, வாய்விட்டுப் படித்தாள். ஆம் என்று இருந்ததைத் தொட்டாள்.

அந்தப் போனிலிருந்து அவளாக முதன்முதலில் கூப்பிட்டது ஆம்புலன்சை. சாயமேட்டில் லைன்வீடு, ஒரு ஆளு அடிபட்டுக் கிடக்கறாருங்க, மூச்சு இருக்குது என்று சொன்னாள். யார் அடித்தது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"அவரேதானுங்க" என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு பிள்ளையோடும் ஒரு பையோடும் வெளியே வந்தபோது முனையில் நின்ற ஆம்பளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். ஒரு தடமும் இல்லை. ராக்கியண்ணன் தன்னையறியாமல் வழிவிட்டார். வசந்தாவின் வாசலில் மட்டும் சுகந்தி நின்றாள். தான் பதிந்துவைத்த விரலை அவளிடம் தூக்கிக் காட்டி, பர்வீன் கடையில இருப்பா, பின்னால வர்றவங்களைப் பார்க்காம நேராப் போ என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கரண்டு வந்து தறிகள் ஓட ஆரம்பித்தபோது பஸ் சாயமேட்டுப் பாலத்தைத் தாண்டியிருந்தது. சுகந்தி பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மணி தெரிந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். மணி மட்டும்தான். மடியில் இருந்த மிதுனா போனைப் பார்த்துவிட்டு, பஸ் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ இறங்கி நிற்பார்கள் என்று எதிர்பார்த்து. யாரும் இல்லை. அதுவரைக்கும் அம்மா என்றோ அப்பா என்றோ வாய் திறக்காத பிள்ளை, படிக்கட்டை நோக்கிக் கையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே பேச்சைச் சொன்னாள்.

"இன்னே."

"ஆமா கண்ணு" என்றாள் சுகந்தி. "இன்னிக்கேதான்."